அம்மா பார்க்காத கடைசிக் காட்சி

அம்மா எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. மேட்னி போனாலும், அத்தா தோல் மண்டியிலிருந்து அஸர் தொழுதுவிட்டு டீக்கு வருமுன் நாகல் நகர் வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் படம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து என் தோளைத் தட்டுவாள். குடும்பப் படங்களில் இதனால் பெரிய நஷ்டமில்லை. யாருக்கு யாரோடு கல்யாணம் என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும். மிச்சத்தை, கூடவே வந்த பக்கத்து வீட்டு டீச்சர் இருந்து பார்த்துவிட்டு வந்து, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லுவார்.

அந்த மர்மப் படம்தான் அம்மாவைப் பாடாய்ப் படுத்தியது. மலை பங்களாவுக்கு வாழ வந்த ஒரு பெண். இருட்டினால் அவளுக்குக் காலடிச் சத்தம் கேட்கிறது. சன்னலுக்கு வெளியே கறுப்புப் புர்கா போட்ட ஒருத்தி நிற்கிறாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை, வீட்டுக்கு வந்துபோகும் டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் பைத்தியம் என்கிறார்கள். புர்காக்காரி பனிக்குள்ளிருந்து நடந்து வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாருடி, நம்ம ஆளு!"

எங்கள் வீட்டுப் பெண்கள் போட்டது வெள்ளைத் துப்பட்டி. அம்மா அதைப் பொருட்படுத்தவே இல்லை. அதுவரை எங்களில் ஒருத்தி திரையில் நின்று நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு ஒரு கொலை விழுந்தது, சந்தேகம் புர்காக்காரி மேல். கொட்டகையில் பெண்கள் பகுதியில் நாலைந்து பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நாங்கள் எழுந்து வர வேண்டியதாயிற்று.

குதிரை வண்டியில் வீடு திரும்பினோம். வெயிலில் கண் கூசியது. தெருவே திரையில் ஓடுகிற மாதிரி இருந்தது எனக்கு. வீட்டில் அம்மா அடுப்பில் வைத்த வெஞ்சனம் அடிப்பிடித்தது. அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொன்றது அந்தப் புர்காக்காரியா?

டீச்சர் வந்ததும் அம்மா சுவரோரம் ஓடினாள். டீச்சர் செத்த நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

"அவ இல்லக்கா. டாக்டர்தான் கொலைகாரன். இவ அந்தப் பிள்ளைக்குக் காவலா நின்னவ. கடைசில கோர்ட்டுல வந்து, 'இந்தப் பிள்ளைக்குப் பைத்தியமில்ல, நான் கண்ணால பாத்தேன்'னு சாட்சி சொன்னா."

"நெனச்சேன்" என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது.

"குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வேதக்காரப் பொம்பளைன்னா படத்துல கழுத்துல சிலுவையப் போட்டு, கையில கிளாஸக் குடுத்து ஆட விட்டுர்றான்" என்று டீச்சர் சிரித்தார்.

அதன்பின் அந்தப் புர்காக்காரி எங்களோடு குடியேறிவிட்டாள். செம்பட்டி பஸ்ஸில் போகும்போது, தூரத்து வரப்பில் கறுப்புக் குடை பிடித்து யாராவது நடந்தால், "அவ நடை மாதிரியே இல்ல?" என்பாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அந்தப் புர்காக்காரி என் சன்னலோரம் நின்றிருக்கிறாள். எனக்குப் பயமாகவே இருந்ததில்லை.

கல்யாணமாகிச் செம்பட்டிக்குப் போனபின், அங்கே டூரிங் டாக்கீஸுக்கு அதே படம் வந்தது. இந்தத் தடவை கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டே வரவில்லை. போலீஸ்காரர் புர்காவைப் பிடித்து இழுத்தார். உள்ளே பென்சில் மீசையோடு டாக்டர் நின்றார். கொட்டகையே கைதட்டியது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் எங்களில் ஒருத்தி இருந்ததே இல்லை, ஒரு துணி மட்டுமே இருந்திருக்கிறது. அதற்குள் ஒரு பெண்ணை வைத்தவர் டீச்சர். அந்தச் சுவரோரமே, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, வைத்திருக்கிறார்.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது படம் பார்த்ததைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"டீச்சர் சொன்ன மாதிரியே முடிஞ்சுச்சா?"

"அப்பிடியேதாம்மா."

"சாட்சி சொல்றப்ப முகத்தத் தெறந்தாளா?"

"தெறந்தா."

"எப்படி இருந்தா?"

"ஒன் சாயல்தாம்மா" என்றேன்.

அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.