வாயில் ஒரு கராம்பு

பதுளையில் நடந்த மத்தியஸ்தர் பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். வெள்ளைத் தொப்பி, மருதாணிச் சிவப்பேறிய தாடி. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிட்டோம். எந்தப் பிணக்கைக் கேட்டாலும் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"நானா, மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொரு தடவை சொன்னா சான்றிதழ் கிடைக்காது," என்றார் பயிற்சி தந்த அம்மா.

கடைசி நாள் நடித்துக் காட்டும் பயிற்சி. தேயிலைத் தோட்டத்து லயத்துக் குடியிருப்பின் பொதுக் குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று நானும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்காவும் சண்டை போட வேண்டும். சமாதானம் செய்வது நானாவின் பொறுப்பு. அவர் ஒரு கராம்பை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன நானா, வாயில பூட்டா?" என்று அக்கா சீண்டினார்.

"ம்... சொல்லுங்க," என்றார். என்னிடமும் அதையே சொன்னார். கத்திக் கத்தி எங்களுக்கே அலுத்துவிட்டது.

"சரிண்ணே, நான் விடிய கொழுந்தெடுக்கப் போகணும். காலையில நான் பிடிக்கிறேன், அந்தியில நீங்க பிடிங்க," என்றார் அக்கா. நான் ஒப்புக்கொண்டேன்.

வகுப்பே கைதட்டியது. சான்றிதழை நானா வெற்றிக் கோப்பையைப் போலத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

பஸ் நிலையத்தில் கேட்டேன்: "உங்க மனசுல இருந்த தீர்ப்பு என்ன நானா?"

அவர் சிரித்தபடி இன்னொரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டார். இன்றுவரை எனக்கு அது தெரியாது.