மேற்குச் சுவர் விளக்கு

கரண்ட் போனால் திருப்பூரில் எவனும் சிரிக்க மாட்டான். நிட்டிங் மிஷின் ஓடுகிற ஓட்டத்தில் நின்றுவிட்டால் துணியில் கோடு விழும், நூல் அறும், ஆர்டர் கொடுத்தவன் போனில் கத்துவான். அப்படி ஒரு சாயங்காலம், வீட்டோடு நிட்டிங் மிஷின் போட்டிருந்த பொங்கியண்ணன் வாசலில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்ல வேளை அண்ணாச்சி, கரண்ட் போயிருச்சு!"

மாடியில் குடியிருந்த அந்தோணிராஜ்தான். குடியிருக்கிறவன் வீட்டுக்காரனிடம் பேசுகிற பேச்சா இது? பொங்கியண்ணன் பதில் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது உள்ளே தங்கிவிட்டது. வாடகை ஒழுங்காக வந்தது, கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் வந்தது. ஆனாலும் அந்த "நல்ல வேளை" வருஷக்கணக்காக மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

அந்தோணிராஜுக்குச் சாத்தான்குளம் பக்கம். ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மனைவி ரோஸ்மேரி பனியன் கம்பெனியில் செக்கிங். காலையில் ரெண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள், இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள். திரும்பியதும் ரோஸ்மேரி அடுப்பைப் பற்றவைப்பாள். அந்தோணிராஜ் மாடிக்குப் போய், தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கும் தொலைநோக்கியைத் திறப்பார். பழையதாக வாங்கியது, தண்ணீர் டிரம் பருமன் இருக்கும்.

அவர் தேடியது நிலாவையும் இல்லை, சனிக்கிரகத்தையும் இல்லை. பொங்கியண்ணனின் மனைவி தெய்வாத்தாள் ஒருநாள் மாடிக்கு வடகம் காயவைக்கப் போனவள் என்னதான் தேடுகிறார் என்று கேட்டே விட்டாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். எங்கேயோ கண்காணாத தூரத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது காமா கதிர் ஒரே வீச்சாகத் தெறிக்கும். சில விநாடிதான். நம் காற்று அதைக் கீழே விடாது, மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்தான் பார்க்க முடியும். அதற்கு ஸ்விஃப்ட் என்று பெயர். (மச்சான் வாங்கிய காருக்கும் அதே பெயர் என்பதால் பொங்கியண்ணனுக்கு அது மட்டும் மறக்கவில்லை.) பார்த்த மறு நிமிஷம் இன்ன திசை என்று அது பூமிக்குத் தகவல் அனுப்பும், போனில் மெசேஜ் வந்து விழும். ஆனால் அது காட்டுவது சுமாரான இடத்தைத்தான். அதற்குள் தேடி, அணைகிற தணல் மாதிரி மிச்சமிருக்கும் வெளிச்சம் எந்தப் புள்ளி என்று காட்டுவது தரையிலிருக்கிற தொலைநோக்கிகளின் வேலை. தாமதித்தால் மங்கிப்போகும்.

"செத்ததுக்கப்பறம் பாத்து என்னங்க பண்றது?" என்றாள் தெய்வாத்தாள்.

"எந்த ஊர்ல செத்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே அக்கா துட்டி கேக்கப் போக முடியும்?"

அவள் சிரித்துக்கொண்டே வந்து இதைச் சொன்னபோது பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.

சண்டை விளக்கில் வந்தது. ஒரு தடவை கரண்ட் போன இருட்டில் எவனோ மேற்குச் சுவர் ஏறிக் குதித்து, வாசலில் அடுக்கியிருந்த துணி ரோல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே சுவர்மேல் ஒரு ஹாலஜன் விளக்கு ஏறியது. வீட்டுக்கு வைத்திருந்த சின்ன ஜெனரேட்டரிலிருந்தும் அதற்கு ஒரு ஒயர். ஊரே இருண்டாலும் பொங்கியண்ணன் வாசல் மட்டும் கல்யாண மண்டபம்போல் எரியும். அந்தோணிராஜுக்கு மேற்கு வானம் போயே போய்விட்டது.

"கொஞ்ச நேரம் அமத்தலாமா அண்ணாச்சி?"

"திருடன் வந்தா உங்க குழாய எடுத்து அடிக்கறதுங்களா?"

இப்படியே ஓடியது. இதற்கிடையில் மலைமேல் இருக்கிற வானாராய்ச்சிக் கூடத்துக்காரர் ஒருவர், அந்தோணிராஜின் ஆர்வத்தைப் பார்த்து, தொலைநோக்கியில் மாட்டுகிற நல்ல கேமரா ஒன்றைக் கொடுத்துவைத்தார். ஒரு வருஷக் கெடு. அதற்குள் ஒரே ஒரு வெடிப்பையாவது பிடித்துக் காட்டினால் கேமரா இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், வேறொருவர் கேட்டுக் காத்திருந்தார். மனுஷனுக்கு அதிர்ஷ்டமே இல்லை. வெடிப்பு வந்தால் இங்கே பகலாக இருக்கும். ராத்திரி வந்தால் மேகம். மேகமில்லாத நாளில் அது பூமிக்கு அந்தப் பக்கம். ஒரு முறை எல்லாம் கூடி வந்து, மேற்கே பார்த்துப் படம் எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் படம் வெளுத்த பனியன் துணி மாதிரி வந்தது.

கெடு முடிகிற சித்திரை மாதம். மறுநாள் திங்கட்கிழமை கேமரா பார்சலில் போகவேண்டும், பெட்டிகூடத் தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின்கள் ஓடவில்லை. குடோனில் இடமில்லாமல், சாயப்பட்டறைக்குப் போகவேண்டிய துணி ரோல்கள் வாசல் முழுக்க அடுக்கிக் கிடந்தன. லாரி காலையில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியதும் ரோஸ்மேரி படியில் தடதடவென்று ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. அந்த லைட்ட ஒரு அரை மணி நேரம் அமத்துங்க."

"ஏங் கண்ணு, வாசலப் பாத்தயா இல்லியா? அத்தனையும் சாயத்துக்குப் போற துணி. காணாமப் போனா நா ஆரக் கேக்கறது?"

"ஜப்பான்ல அது மறைஞ்சுபோச்சாம் அண்ணாச்சி. ஐரோப்பாவுல இன்னும் வெயிலாம். மலையில மழை. இப்ப இருட்டா இருக்கது நம்ம பக்கந்தான். இன்னைக்கு விட்டா நாளைக்குக் கேமரா போயிரும். அவரு வாயத் திறந்து கேக்க மாட்டாரு, கேட்டுக் கேட்டுச் சலிச்சுட்டாரு. அதான் நான் வந்தேன்."

பொங்கியண்ணன் ரோல்களைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள் தெய்வாத்தாள்.

"காவலுக்கு ஆள்தான வேணும்? நா போயி ரோல் மேல உக்காந்துக்கறேன். எவன் வந்தாலும் என்னையத் தாண்டித்தான் தூக்கோணும்."

"உன்னையுஞ் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"போனா உங்களுக்கு நிம்மதிதானுங்க. சுச்சுப் பொட்டி எங்கிருக்குதுன்னு நா பாத்துக்கறேன், நவுருங்க."

அவள் போய் அணைப்பதற்கு முன்னால் அவரே போய் அணைத்தார். வாசல் கிணறாக இருண்டது. மேலேயிருந்து சத்தம் வந்தது: "ரொம்ப நன்றி அண்ணாச்சி!"

"கத்தாதீங்க, திருடனுக்குக் கேக்கும்!"

ஆளுக்கொரு பக்கமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ரோல்களின் மேல் உட்கார்ந்தார்கள். பொங்கியண்ணன் கையில் தெரு மாட்டை விரட்ட வைத்திருந்த தடி. காற்றில் தார்ப்பாய் அசைந்தாலும் எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் வண்டிச் சத்தம். ரெண்டு ஹெட்லைட்டும் சுவரைத் தடவிக்கொண்டு மாடிப் பக்கம் ஏறப் பார்த்தன. காலையில் வரவேண்டிய லாரி!

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்தைத் திருடனுக்காகக்கூட அவர் ஓடியதில்லை.

"லைட்ட அணைப்பா! முனீசு, அணை, அணைச்சுத் தொலை!"

டிரைவர் முனீஸ் மதுரைப் பக்கத்து ஆள். பதறிப்போய் இஞ்சினையும் சேர்த்து நிறுத்தினான். "என்னண்ணே, வாசல் இருட்டாக் கெடக்கு? எதுவும் கேதமா?"

"ஆமா. ஒண்ணு செத்துப்போச்சு. ரொம்பத் தூரத்துல. படம் புடிச்சிட்டிருக்கறாங்க, கம்முனு இரு."

முனீஸ் தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தான்.

அரை மணி நேரம் என்றது நீண்டுகொண்டே போனது. கடைசியில் மேலேயிருந்து ரோஸ்மேரி கூப்பிட்டாள். முனீஸைத் துணிக்குக் காவல் வைத்துவிட்டு ரெண்டு பேரும் ஏறினார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பழைய வான வரைபடம், ஒரு பக்கம் இன்றைக்கு எடுத்த படம். பழையதில் இல்லாத புள்ளி புதியதில் இருந்தால் அதுதான். பொங்கியண்ணன் முன்னால் வந்தார். ஓடுகிற துணியில் ஓட்டை கண்டுபிடிக்கிற கண் அது.

"இதா இருக்குதே, பளிச்சுனு!"

"அது கேமராவில உள்ள கோளாறு அண்ணாச்சி. எந்தப் படத்துலயும் அதே இடத்துல இருக்கும்."

"அப்ப இது?"

"அது பழைய நட்சத்திரம். வரைபடத்துலயும் இருக்கு பாருங்க."

"நீங்க துணிய மட்டும் பாருங்க" என்றாள் தெய்வாத்தாள்.

அந்தோணிராஜ் பென்சில் முனையை ஓரிடத்தில் வைத்தார். பொங்கியண்ணனுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. "அட, ஆமா" என்று சொல்லிவைத்தார். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்து, பென்சிலை அதே இடத்துக்குக் கொண்டுபோனார் அந்தோணிராஜ். 

"முதல் படத்துல இருந்ததுல பாதிகூட இல்ல. மங்குது அண்ணாச்சி. மங்குச்சுன்னா அதுதான்."

இடத்தை அளந்து, எழுதி, உலகத்தில் இதற்காகக் காத்திருக்கிற எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். அனுப்பி முடித்ததும் ரோஸ்மேரி மாடி வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கீழே ரோல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. பொங்கியண்ணன் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றவிட்டார். அன்றைக்கு அவர் தூங்கின தூக்கம் ஊர் அறியும் என்றாள் தெய்வாத்தாள், குறட்டையைச் சொல்கிறாள்.

மறுநாள் பதில் வந்தது. ஐரோப்பாவில் இருட்டியதும் அங்கேயுள்ள பெரிய தொலைநோக்கி அந்தோணிராஜ் சொன்ன இடத்தைத்தான் முதலில் பார்த்ததாம், புள்ளி அங்கேயே இருந்ததாம். தூரத்தையும் அளந்துவிட்டார்கள். அந்த வெளிச்சம் கிளம்பியபோது நம் பூமியே பிறந்திருக்கவில்லை.

"அத்தன காலத்துக்கு முன்னாடி செத்ததுக்கா என்ற வாசல்ல லைட்ட அணைக்கச் சொன்னீங்க?" என்றார் பொங்கியண்ணன். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டார்.

கேமராப் பெட்டியைப் பிரித்து, அந்த அட்டையில் தெய்வாத்தாள் வெங்காயம் போட்டுவைத்தாள். பொங்கியண்ணன் ஒரு தகரத்தை வளைத்து விளக்குக்கு மேல் தொப்பி மாதிரி மாட்டினார். வெளிச்சம் துணிமேல் மட்டும் விழுந்தது. தொலைநோக்கி திறக்கிற சத்தம் கேட்டால் அதையும் கொஞ்ச நேரம் அணைத்துவைப்பார்.

அடுத்த வருஷம் மலைமேல் இருக்கிறவர்களே அந்தோணிராஜை வேலைக்குக் கூப்பிட்டார்கள். டெம்போ வந்து நின்ற சாயங்காலம் சாமான்கள் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. இன்றைக்கு விட்டால் கேட்க முடியாது என்று பொங்கியண்ணன் கேட்டே விட்டார்.

"ஏனுங் தம்பி, அன்னிக்கொரு நாள் கரண்ட் போனப்ப 'நல்ல வேளை'ன்னீங்களே, அது என்னைய நெனச்சுச் சொன்னதுங்களா?"

அந்தோணிராஜ் விழித்தார். "நானா? அப்பிடியா சொன்னேன்?"

இத்தனை வருஷம் சுமந்திருக்கிறார், சொன்னவனுக்கு ஞாபகமே இல்லை. பொங்கியண்ணனுக்கு ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அப்புறம் தொண்டை லேசான மாதிரி இருந்தது. "இல்ல, சும்மாதானுங்க" என்றார்.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கடைசியாகத் தொலைநோக்கியைக் கட்டிப்பிடித்தபடி அந்தோணிராஜ் மாடிப்படியில் இறங்கத் தொடங்கினார். குழாயைப் பார்த்ததும் பொங்கியண்ணனின் கை தானாகப் போய் விளக்கை அணைத்துவிட்டது. பழகிய கை.

பாதிப் படியில், இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, லைட்டப் போடுங்க."