வாய்கட்டுத் துணியைக் கண்டு என் மகள் விழுந்தாள்

முருகன் அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் நாவற்குடாவில் தையல் தைத்துப் பிழைப்பவள். என் கையை விட்டுப் போக இருந்த மகளை மண்டூர்க் கந்தன் திருப்பித் தந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். இதில் என் வெட்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் அவன் செய்ததையும் மறைத்ததாகிவிடும்.

கணவர் செத்த பிறகு, மகளை அவளுடைய மாமியிடம், அதாவது கணவரின் சகோதரியான என் மச்சாளிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஐந்து வருடம் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பேன். பாதி நாள் மச்சாள், "புள்ள விளையாடப் போயிட்டா கா" என்பா. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தானே எனக்கு வேலை ஓடும்.

திரும்பி வந்தபோது மகள் பரம சாது. ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டாள். மச்சாள் நன்றாக வளர்த்திருக்கிறா என்று ஊரெல்லாம் மெச்சித் திரிந்தேன். பதினான்கு வயதில்தான் தொடங்கியது. நித்திரை போனது. அறைக் கதவைச் சாத்தினால் நடுங்கினாள். சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடினாள். உள்ளே கீறல்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாவிக்கரையில் அசையாமல் நிற்கிறாள் என்று மீன்காரர் வந்து சொன்னார். வயசுக் கோளாறு என்றேன். பிறகு காற்றுக் கறுப்பு என்று நூல் கட்டினேன்.

சென்ற ஆவணித் திருவிழாவுக்கு மண்டூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். நமக்கெல்லாம் தெரிந்த வழமை. அவரை அப்படிக் கண்டதும் என் மகள் அலறிக்கொண்டு விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். "முருகன் இறங்கிட்டான் கா, நீ குடுத்து வெச்சவ" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டா.

எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. வெள்ளிக்கிழமைகளில் குறி கேட்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தொலைந்த மாடு, சரிவராத கலியாணம் எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளையைப் பலகையில் இருத்தினோம். அவள் தரையைப் பார்த்தபடி இருப்பாள். பேசாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். சோறு இறங்காமல் ஆள் ஈர்க்கில் மாதிரி ஆனாள். "சாமி தங்கிற உடம்பு அப்பிடித்தான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இனி வீட்டிலேயே இவள் வாய் கட்டிப் பூசை வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். நானே புது வெள்ளைத் துணியைக் கிழித்து, மஞ்சள் தொட்டு, அவளிடம் கொண்டுபோனேன். அவள் பின்வாங்கிப் பின்வாங்கி மூலையில் ஒடுங்கினாள். நின்ற இடத்திலேயே சலம் போய்ச் சட்டை நனைந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்: "அழமாட்டன் மாமி. சத்தம் போடமாட்டன். கட்டாதீங்க மாமி."

வந்தவர்களை வெளியே போகச் சொன்னேன். சாமிப் படத்தின் முன் விழுந்தேன். முருகா, நீ இவளில் இறங்க வேண்டாம், என் பிள்ளையைத் தா. நடந்ததை அவள் சொல்லட்டும், கேட்க எனக்குத் தைரியம் தா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பொழுதுபடுமுன் சொன்னாள். அம்மா என்று அழும்போதெல்லாம் மாமி வாயைத் துணியால் கட்டி, நெல் மூட்டை அறைக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறா. நான் போன் எடுத்த நாட்களிலும்தான். "போன்ல நீங்க சிரிக்கிறது உள்ளுக்குக் கேட்கும் அம்மா" என்றாள்.

விடிந்ததும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். "சின்ன வயசில பட்டது ஆறாமக் கிடக்கும். இந்த வயசிலதான் கனபேருக்கு வெளிய வரும்" என்றா டாக்டர். "இன்னும் பிந்தியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா. எனக்கு வாவிக்கரை நினைவு வந்தது.

இப்போது மருந்தும் பேச்சுமாகப் போகிறது. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். குறி கேட்டு யாரும் என் வாசலுக்கு வருவதில்லை. மச்சாளை மன்னிக்கும் மனதை முருகன் எனக்கு இன்னும் தரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவும் மாட்டேன். சில நாட்களில் அந்தப் பழைய பார்வை வரும். சென்ற கிழமை, "டவுனுக்குப் போயிட்டு வாங்க அம்மா, நான் தனிய இருப்பன்" என்றாள். போனேன். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸை விட்டிறங்கித் திரும்பி ஓடிவந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பயந்திட்டீங்களா அம்மா?"

"ஓம் மகள்."

"எனக்கும் பயமாத்தான் இருந்த. நீங்க வந்தது நல்லது."

பயமாயிருக்கிறது என்று என் பிள்ளை என்னிடம் சொன்ன முதல் நாள் அது. அழுதுவிட்டேன்.

அடியார்களே, சத்தமே போடாத நல்ல பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கந்தனை நம்பிக் கேளுங்கள். நல்லதைக் காட்டு என்று கேட்காதீர்கள், உள்ளதைக் காட்டு என்று கேளுங்கள். காட்டுவான்.