கண்ணாடி அறையில் அரளி

சமவெளியில் அரளியை யாரும் வளர்ப்பதில்லை. சாலையோரம் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு அது தானாகப் பூக்கும். ஊட்டியில் அதை வீட்டுக்குள் வைத்துப் பராமரிக்க வேண்டும்; வெளியே விட்டால் உறைபனியில் கருகிவிடும். பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டு முகப்பில் கண்ணாடி அடைத்த சிறிய அறை உண்டு. காலை வெயில் நேராக விழும் மூலை அரளித் தொட்டிக்கு. மிச்ச வெயில் எனக்கு.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து என் மனைவி கொண்டுவந்து நட்ட குச்சி அது. தினமும் குளித்துவிட்டு அதில் பூப் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் துளசி போட்டு, தீர்த்தம் என்று எனக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு மீதியைக் குடிப்பாள்.

நான் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்துக் கிடங்கு ஓய்வு பெறும் வரை என் பொறுப்பில் இருந்தது. எதை எப்படித் தொடுவது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் வீட்டில் சும்மா இருப்பேனா? கணுவுக்கு மூன்றாக நீண்ட இலை, நடுவில் வெளிறிய நரம்பு: இது அரளி. வேரிலிருந்து பூ வரை விஷம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். கையுறை இல்லாமல் கவாத்து கிடையாது. வெட்டியதை எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது.

“பூவப் பறிச்சா சோப்புப் போட்டுக் கையக் கழுவோணும் அம்மணி.”

“எங்கூர்ல ஒருத்தரும் கழுவி நான் பாத்ததில்லீங்க. கிடங்கையே கட்டிக்கிட்டு வந்த மாதிரியில்ல இருக்குது,” என்பாள். ஆனாலும் கழுவுவாள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள். அப்புறம் மகளின் பெயரை. பூசையை மட்டும் மறக்கவில்லை. நாள் முழுவதும் இது யார் வீடு என்று கேட்பவள், காலையில் அந்தக் கொஞ்ச நேரம் பழைய ஆளாக இருப்பாள். செடியை அகற்ற வேண்டும் என்று கிடங்கு விதி சொன்னது. அகற்றினால் அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பது என்று முடிவு செய்தேன். கண்காணிப்பு என்பது எல்லாக் கிடங்கிலும் எழுதி ஒட்டியிருக்கும் சொல்தான்.

இந்தக் குளிர்காலத்தில் வாசற்படித் துளசி பனியில் கருகிப்போனது. அடுத்த நாள் காலை நான் பால் வாங்கிவிட்டு உள்ளே வந்தபோது, டம்ளரும் கரண்டியுமாக எதிரே வந்தாள்.

“கைய நீட்டுங்க. தீர்த்தம்.”

தண்ணீரில் நீளமாக மூன்று இலைகள் கிடந்தன. டம்ளரில் பாதிதான் இருந்தது.

“நீ குடிச்சியா?”

“குடிச்சேனுங்க.” கொஞ்சம் யோசித்தாள். “நேத்தா?”

இலையை ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியை மாட்டினார்கள். இளம் டாக்டர் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அரளிங்களா சார்? வேணும்னே குடிச்சாங்களா?”

விஷம் என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், அது நடைமுறை. வந்த ஏட்டு மரியாதையானவர். “ஊட்டுல ஏதாச்சும் சச்சரவுங்களா?” என்று அவளிடமே கேட்டார்.

அவள் என்னைக் காட்டி, “இவர் யாருங்க?” என்றாள்.

ஏட்டு என்னை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து அம்மாவின் மறதியைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்தப் பார்வை மாறியது. துடிப்பு ஒருமுறை தாழ்ந்து பயமுறுத்திவிட்டு மெல்ல ஏறியது. அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றே செடியை வெட்டினேன். குப்பைத் தொட்டியில் போட முடியாது. இந்த ஊரில் மாடும் குதிரையும்தான் அதைக் காலி செய்கின்றன. எரிக்க முடியாது. காய்ந்தாலும் விஷம் போகாது. பின்கட்டில் ஆழமாகக் குழி தோண்டினேன். அவள் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

“ஏனுங்க, யாரு செத்துட்டாங்க?”

“ஒருத்தருமில்ல அம்மணி. குளுருது, உள்ள போ.”

மறுநாள் அந்த மூலையில் ஜெரேனியத் தொட்டி ஒன்றை வைத்தேன். சிவப்பாகப் பூத்திருந்தது, தின்றாலும் பெரிய ஆபத்தில்லை. குளித்துவிட்டு வந்தவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, அரளிக் கொப்பு இருந்த உயரத்துக்குக் கையைத் தூக்கி, இரண்டு விரலால் எதையோ கிள்ளினாள். இன்னொன்றும் கிள்ளினாள். உள்ளங்கையில் ஏந்திப்போய்ச் சாமி படத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள். நகக்கண் வரைக்கும் தேய்த்து நிதானமாகக் கழுவினாள்.

“விஷமுங்க,” என்றாள் என்னிடம், புதிதாக வந்தவருக்குச் சொல்வதைப் போல. “நீங்களும் தொட்டா நல்லாக் கழுவிப்போடோணும்.”