முள் நடுவில் நின்ற படங்கள்

கேமராவின் தோல் உறைப் பொத்தான் "டப்" என்று திறக்கும் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் தொடங்கிவிடும். சங்கராந்தியன்று காலையில், குஷாய்குடா வீட்டு மொட்டைமாடியில், பட்டம் விட்டுக்கொண்டிருந்த என்னையும், அடுப்பில் பொங்கலை விட்டுவிட்டு வந்த அம்மாவையும் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தி வைத்துவிட்டு, அப்பா கேமராவைத் திருகிக்கொண்டே இருப்பார்.

லென்ஸைச் சுற்றியிருந்த வளையம் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பதற்கு. மேலே இருந்த திருகு அதை எவ்வளவு நேரம் விடுவது என்பதற்கு. இரண்டும் ஒத்துப்போனால் கேமராவுக்குள் தெரியும் சிறு முள் நடுவில் வந்து நிற்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அப்பா மின்னணுத் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர், முள் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. அந்த முள்ளோ எங்களுக்குப் பின்னால் பளீரென்று கிடந்த வானத்தை அளந்துவிட்டு நடுவில் நிற்கும். படம் வந்தால் வானம் நீலமாக இருக்கும், பட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும், அம்மா இருந்த இடத்தில் புடவை கட்டிய ஒரு கறுப்பு உருவம் நிற்கும்.

"பட்டத்துக்கெல்லாம் மூஞ்சி இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்பாள் அம்மா.

"முள்ளு நடுவுலதாம்மா நின்னுச்சு" என்பார் அப்பா. வருடா வருடம் இதே பேச்சு, இதே படம். மனிதருக்குக் கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது, சொல்லுங்கள்!

ஒரு சங்கராந்திக்கு அம்மாவின் பொறுமை போய்விட்டது. "முள்ளும் நக்கோ, ஒண்ணும் வேணாம், மூஞ்சியப் பாருங்க!" என்று கேமராவுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று கத்தினாள். திட்டு வாங்கும்போதும் அப்பாவின் கை சும்மா இருக்கவில்லை, திருகி முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு, "சரி சரி, போய் நில்லு" என்றார். அவள் போய் நின்றாளோ இல்லையோ, பக்கத்து மாடியில் "அஃபா!" என்று கூச்சல். என் பட்டத்தை அறுத்துவிட்டார்கள். நான் போட்ட அலறலில் அப்பா மறுபடி எதையும் திருகாமல் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்தப் படம் வந்ததும், "வேஸ்ட்! வானமே போச்சு" என்று மேஜையில் எறிந்தார். பிறகு அதை நான் பார்க்கவில்லை.

போன மாதம் என் மகள் பழைய ஆல்பத்தைப் புரட்டினாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. "அம்மம்மா, வேர் ஆர் யூ?" என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். "நானும் பாக்குற மாதிரிதான் இருந்தேன். சொன்னா யாரு நம்புவா?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரம்தான் அமீர்பேட்டில் ஒரு புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். "பின்னால் வெளிச்சம் அதிகமென்றால் முகத்தின் அருகில் போய் அளந்து வைத்துக்கொண்டு, விலகி வந்து, எதையும் மாற்றாமல் எடுங்கள்" என்று பாடம் நடத்தினார்கள். அம்மா திட்டிய அன்று நடந்தது அதுதானே! வீட்டுக்கு வந்து அந்த வேஸ்ட் படம் எங்கே என்று கேட்டேன். அம்மா பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

வானம் வெறும் வெள்ளை. பட்டம் ஒன்றுகூட இல்லை. நடுவில், கோபம் ஆறாத முகத்தோடு, மூக்குத்தி பளிச்சிட, அவ்வளவு அழகாக என் அம்மா. "வாவ், அம்மம்மா!" என்று கத்திவிட்டாள் என் மகள்.

இன்று அந்த மாடியை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. பட்டம் விட இடமில்லை. கேமராவின் முள்ளும் செத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்பா மட்டும் மாறவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வானம் சுத்தமா போச்சே" என்றார்.

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போனாப் போகட்டும்" என்றாள்.