சுவரில் விழுந்த இஸ்திரிக் கடை

எங்கள் கலைக்கூடம் ஒரு காலத்தில் ஜெயில். நான் அங்கே டிக்கெட் கொடுக்கிறவள். கோடி அறைக்குக் காவல் இருப்பவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். அந்த அறைக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், அவர் மனைவி இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். "எங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார்" என்று புது ஆட்களிடம் சொல்லி, அவர்கள் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார் அந்த அத்தை.

இந்த முறை வந்த கலைஞர் மாமாவின் அறையில் ஒரு படமும் மாட்டவில்லை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்கா இவ்வளவு பந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் பார்த்தால், சுவர் முழுக்க வெளித்தெரு, நிறம்கூட மாறாமல், தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, கேமரா இல்லை. வெறும் வெளிச்சம்! நடுவில் ஒரு முழ உயரத்துக்கு அத்தை, தலைகீழாக நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவோ சொக்கியே போனார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவளை இப்படி உக்காந்து பார்த்ததே இல்லம்மா" என்றார். ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லி அத்தையிடம் தினமும் கெஞ்சினார்.

"வேகாத வெயில்ல நான் நிக்கிறதை நானே வேற வந்து பாக்கணுமாக்கும்" என்று அத்தை விரட்டிவிட்டார்.

கண்காட்சியின் கடைசி நாள் என்ன தோன்றியதோ, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். சுவரில் தெரு இருந்தது, மேசை இருந்தது.

"நான் எங்க?" என்றார் அத்தை.

இத்தனை நாள் கெஞ்சிய மாமாவுக்கும், ஒத்து ஊதிய எனக்கும், இந்தச் சின்ன விஷயம் உறைக்கவே இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "இங்கேயே இரு" என்று வெளியே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் மாமா. சட்டையை உதறி, இரண்டு தட்டுத் தட்டி விரித்தார். பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தார். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். அசல் அத்தையேதான்.

"நான் இப்படியா தட்டுவேன்?"

"ஆமா அத்தை. அப்படியேதான்."

"இதையெல்லாமா பார்த்துட்டு இருந்தாரு?" அத்தை சுவருக்குக் கிட்டே போனார்.

மாமா எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெட்டியைச் சட்டைமேலேயே விட்டுவிட்டார் மனிதர். சுவரில் புகை கீழ்நோக்கி இறங்க ஆரம்பித்தது.

"அத்தை, சட்டை தீயுது!" என்று கத்தினேன்.

அத்தை அசையவில்லை. "தீயட்டும். இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."