அழித்த வரி

அந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் அவரைக் 'கமாண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் இரைந்துகொண்டிருக்கும் நூற்றிருபது கணினிகளுக்கு மற்றவர்கள் பட்டனைச் சொடுக்கி ரெண்டர் வேலை, அதாவது காட்சியை முழுப் படங்களாக்கும் வேலை, அனுப்ப, அவர் மட்டும் கருப்புத் திரையில் ஒரே வரியாகத் தட்டெழுதி அனுப்புவார். எந்தக் காட்சி, எத்தனை ஃப்ரேம், தயாரான படங்கள் எந்த ஃபோல்டரில் விழவேண்டும், எல்லாம் அந்த வரியில் அடங்கிவிடும். "பட்டனெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு" என்பார்.

ஒரு புதன்கிழமை, சாப்பிடப் போகும் அவசரம். திங்களன்று அனுப்பிய வரியையே திரும்ப வரவழைத்துக் காட்சியின் பெயரை மாற்றினார். ஃபோல்டரின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். என்டரைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்து போனார்.

அந்த ஃபோல்டரில் இருந்தது, காட்சிகளுக்கு ஒளி அமைக்கும் பெண்ணுக்காகத் திங்களன்று அவர் அனுப்பிக் கொடுத்த வேலை. மகனை அனுப்பிவிட்டு மழையில் நிற்கும் தாய். புதுக் காட்சியின் படங்கள் அதன்மேல் விழுந்து அதை அழித்துவிட்டன. மூன்று மணிக்கு இயக்குநருக்குப் போட்டுக் காட்டியபோது, தாய் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "ஏம்மா, எதை எங்க வைக்கணும்னுகூடத் தெரியாதா?"

"சரியாத்தான் சார் வச்சிருந்தேன்..." என்றாள் அவள்.

அது தான் அனுப்பிய காட்சியின் நாய் என்று பின்வரிசையில் இருந்த கமாண்டுக்குத் தெரிந்துவிட்டது. இருக்கைக்குத் திரும்பியதும், தன் கணினியில் தட்டிய வரிகளின் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை அழித்தார். கை தவறியதையாவது அவரால் மன்னிக்க முடிந்தது, இதை முடியவில்லை.

படத்தை ஒப்படைக்க ஒரே நாள்தான் இருந்தது. மறுபடி ரெண்டர் செய்ய நேரமின்றி மழைக் காட்சியைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்த படத்தில் அவளுக்கென்று வைத்திருந்த பெரிய காட்சி வேறொருவருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவளருகே போய் நின்றார்.

"இங்க பாரும்மா, அன்னைக்கு அந்த ஃபோல்டர்ல..."

"தெரியும்ணா. யார் என்ன அனுப்பினாங்கன்னு சர்வர்லயும் பதிவாகும். அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நேரே மேற்பார்வையாளர் அறைக்குப் போய், வரியை அழித்ததையும் சேர்த்துச் சொன்னார்.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா? பத்து பேர் முன்னாடி அந்தப் பொண்ணைத் திட்டிட்டேனே!"

அதே பத்துப் பேர் முன்னால் மேற்பார்வையாளர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய காட்சியும் அவளிடமே திரும்பியது. ஆனால் அதன் பிறகு தன் வேலை எதையும் அவள் கமாண்டிடம் கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை. தானே தட்டெழுதக் கற்றுக்கொண்டாள். 'அண்ணா' போய் 'சார்' வந்தது.

படம் வெளியானபோது மனைவியோடு போனார். மழைக் காட்சி சட்டென்று கடந்துபோனது. அவர் தலை குனிந்துகொண்டதை மனைவி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, கண்ணு வலிக்குதா?"

"இல்ல. வெளிய போய்ச் சொல்றேன்."

பஸ் ஏறாமல் நடந்தே வந்தார்கள். வழியில் அவர் அந்தப் புதன்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார்.